அம்மா கூப்பிட்டால் நடக்கும் குடிசை

ஓபாலாவின் குடிசை, கட்டி முடித்த அன்று சாயங்காலமே எழுந்து நடந்துபோய் அவன் அம்மாவின் அடுப்படிக் குடிசைக்குப் பின்னால் நின்றுகொண்டது. அந்த வருஷம் ஏரியில் மீன் மலிவு. மீசை முளைத்த பிள்ளை அம்மா வீட்டில் படுக்கக் கூடாது, குடும்ப வளவின் வேலி வாசலோரம் தனிக் குடிசை போட வேண்டும் என்பது ஏரிக்கரை லுவோ ஜனங்களின் வழக்கம். ஓபாலாவும் முறைப்படிதான் போட்டான். அப்பா முதல் கம்பு நட்டார், கோழி அடித்தார்கள். குடிசைக்குத்தான் வளர மனசில்லை.

மறுநாள் ஊரே சேர்ந்து அதைத் தூக்கிவந்து வாசலில் வைத்தது. பொழுது சாய்ந்ததும் மறுபடி கிளம்பியது. ஆடுகளை மிதிக்காமல் ஓரமாகத்தான் போயிற்று, அதையும் சொல்ல வேண்டும். "வீட்டுக்கு இன்னும் பால் மறக்கலடா, சுவத்துல மிளகாய் தடவு!" என்று ஏரிக்கரைப் பெண்கள் சிரித்தார்கள். ஓபாலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்குப் பேசியிருந்த அச்சோலாவின் அத்தைமார் மறுநாள் வீடு பார்க்க வருகிறார்கள். அம்மா முதுகோடு ஒட்டிய குடிசைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அச்சோலா என்றால் அவனுக்கு உயிர். குடிசையைத் திரும்ப வாசலுக்குக் கொண்டுவந்து வேலமரத்தில் கட்டிப் பார்த்தான். அது மரத்தையும் பிடுங்கிக்கொண்டு நடந்தது.

அப்போதுதான் கவனித்தான். அம்மா அடோங்கோ அடுப்படியிலிருந்து, "ஓபாலா, களி ஆறுதுடா, வாடா!" என்று கத்துகிறாள், உடனே கூரை சிலிர்க்கிறது.

"அம்மா, இனிமே என்னைக் கூப்பிடாதம்மா," என்றான் ஓபாலா.

"பட்டினி கிடப்பியேடா!"

"கிடக்கிறேன்."

"கிட போ, பெரிய மனுஷன்!" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குடிசையைத் திரும்பவும் வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், அது அசையவில்லை. ஓபாலா பசியோடும் அழுகையோடும் தூங்கிப்போனான். விடிந்து பார்த்தால், அம்மாவின் அடுப்படி வாசலுக்கு நடந்துவந்து அவன் குடிசையோடு தோள் உரசி நின்றது. உள்ளே உலை கொதித்தது. "நான் வாயே திறக்கலடா!" என்றாள் அம்மா.

அத்தைமார் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். "பையன் வீடு வாசல்ல நிக்குதா? நிக்குது," என்றாள் மூத்த அத்தை. "அடுப்படி எங்க நிக்கணும்னு யாரு கேட்டா? எங்க பொண்ணுக்குக் களி கிண்டவும் வராது. பேசி முடிங்க."

அறுவடைக்குப் பிறகு கல்யாணம் நடந்தது. அந்த வளவுக்கு வருகிறவர்கள் அடுப்படியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகப் பழகிவிட்டார்கள்.