சொம்பு போட்ட பழைய படம்

காலை ஏழே முக்காலுக்குக் குழுவில் சொம்பு படம் போட்டது. வாழை இலைத் துண்டில் பொங்கல், ஓரத்தில் தேங்காய்ச் சட்னி, பின்னால் ஓர் அரிசிச் சிப்பத்தின் வாய். கீழ்பென்னாத்தூர் அரிசி ஆலை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த கண்ணாயிரம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். சிப்பத்தின் வாய் நீல நூலில் தைத்திருந்தது.

பதினாறு வருடமாகச் சிப்பம் தூக்குகிறவன் அவன். சோற்றைவிடச் சாக்குதான் அவன் கண்ணில் முதலில் படும். வெள்ளை நூல் தீர்ந்துபோன ஒரே ஒரு நாள் ஆலையில் நீல நூல் போட்டுத் தைத்தார்கள். அந்த இருபது சிப்பமும் அடி அண்ணாமலையில் இருக்கும் அன்னதானக் கூடத்துக்குப் போயின. இறக்கியவனே அவன்தான். அது நடந்து மூன்று வாரம் ஆகிறது. அந்த அரிசி எப்போதோ சோறாகித் தீர்ந்திருக்கும். அப்படியென்றால் இது இன்றைக்கு எடுத்த படம் இல்லை.

செல்போனில் பழைய செய்திகளைத் தள்ளித் தள்ளிப் போனான். பதினெட்டு நாளுக்கு முன்னால் அதே பொங்கல், அதே சட்னி, அதே நீல நூல்.

டீ கிளாஸை வைத்துவிட்டு நின்றான்.

அந்தக் குழுவில் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். எல்லோரும் ஒரு முறையாவது சாகப் பார்த்தவர்கள், இல்லையென்றால் பார்க்கப் போகிறவர்கள். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. வீட்டில் கிடக்கும் ஒரு சாமானின் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும். குழுவை நடத்துவது பல்பு. இவன் மூட்டை. ஆணா பெண்ணா தெரியாததால் எல்லோரும் எல்லோரையும் 'அது' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். எப்படிச் செய்தேன் என்று எவராவது எழுதினால் பல்பு உடனே அழித்துவிடும். ஊர் பெயர் சொல்லக் கூடாது. காலை எட்டு மணிக்குள் சாப்பிடுவதைப் படம் எடுத்துப் போட வேண்டும். இட்லியோ பழைய சோறோ, படம் வந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

மற்றபடி அங்கே நடப்பது வெறும் பேச்சு. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் முதலில் யார் முகம் தெரிந்தது, அப்புறம் ஊரில் எப்படிப் பார்த்தார்கள், மாமியார் என்ன சொன்னாள். ஆலையில் கை நசுங்கினவர்கள் மற்ற நசுங்கின கைகளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்கள். சிரிப்பும் வரும். வெளியே யாரிடமும் இதைப் பேச முடியாது. இரண்டு வருடத்துக்கு முன் கண்ணாயிரத்தை ஆலைக் கூரைக்குக் கீழேதான் மற்றவர்கள் பார்த்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்றிலிருந்து ஆலையில் எவனும் அவனிடம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. தூக்கும்போது மட்டும் அவனுக்கு லேசான சிப்பமாகப் பார்த்துத் தள்ளிவிடுவார்கள்.

நேற்று ராத்திரி சொம்பு எழுதியது: "எல்லாருக்கும் நன்றி. நல்லா இருங்க."

அந்தக் குழுவில் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை.

பல்புக்குத் தனியாக எழுதினான். "சொம்பு போட்டது பழைய படம்."

உடனே பதில் வந்தது. "நானும் பாத்தேன். நாலு தடவ கூப்ட்டேன், எடுக்கல. உதவி நம்பர் அனுப்பினேன். எந்த ஊர்னு தெரிஞ்சா போலீஸ்கிட்டயாவது சொல்லலாம். தெரியலயே மூட்ட."

இவனுக்குத் தெரியும். நீல நூலை முதலில் பார்த்த அன்றிலிருந்து, சொம்பு அந்தக் கூடத்து ஆள்தான் என்று பதினெட்டு நாளாகத் தெரியும். சொல்லவும் விரல் வரவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. போலீஸ் போய் ஒரு சமையல் கூடத்தில் நின்று எதைக் கேட்கும்? சித்திரையில் குடை என்று ஒன்று படம் போடுவதை நிறுத்தியது. இருபத்து மூன்று பேரும் கேட்டார்கள். பதில் இல்லை. இருக்கிறதா, போய்விட்டதா, போனை மாற்றிவிட்டதா, இன்றுவரை தெரியாது. அந்த ஊரும் தெரியாது.

மேஸ்திரியிடம் பல் வலி என்று சொல்லிவிட்டு திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறினான்.

பௌர்ணமி. காலையிலேயே ஜனம் மலையைச் சுற்றத் தொடங்கியிருந்தது. ஆட்டோக்காரன் தடுப்புக்கு முன்னாலேயே இறக்கிவிட்டான். "இதுக்கு மேல உடமாட்டாங்கண்ணா." மீதி தூரம் நடந்தான். வழியெல்லாம் அவனுக்கு ஒரே யோசனை. உள்ளே போய் என்னவென்று கேட்பது? உங்களில் யார் சாகப் போகிறீர்கள் என்றா? அந்த ஆள் வேலைக்கே வராமல் வீட்டில் கிடந்தால்? எந்த வீடு?

கூடத்தின் பின்பக்கம் ஐந்து அடுப்பும் எரிந்தன. தலைமைச் சமையல்காரி பாஞ்சாலை துடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்தாள்.

"இன்னா கண்ணாயிரம், லோடு வியாழக்கிழமதானே?"

"லோடு இல்லக்கா. பௌர்ணமியாச்சே, கைவேல எதனா செய்யலாம்னு வந்தேன்."

"ஆலைக்காரனுக்குப் புண்ணியம் கம்மியாயிடுச்சு போலக்குது. நாலு சிப்பம் ஏத்திகினு போவ வந்திருக்கான்" என்றாள் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த சரசு. எல்லோரும் சிரித்தார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும் அவளுக்கு. ஒவ்வொரு லோடுக்கும் அவனை ஏதாவது சொல்லாமல் விடமாட்டாள்.

"ரெண்டு பேர் வரல இன்னிக்கி. வந்ததும் நல்லதாப் போச்சு. அந்த அண்டாவ வடி" என்றாள் பாஞ்சாலை.

அவன் அண்டாவைத் தொடவில்லை. "யாரு வரல?" என்றான்.

"அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் கல்யாணத்துக்குப் போய்கிறாளுங்க. ஏன், நீ மொய் வெக்கப் போறியா?"

சோற்றை வடித்தபடி ஒவ்வொருவராகப் பார்த்தான். அங்கே ஏழு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி அடுப்பையே வெறித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தியின் தாலிக்கயிற்றில் ஊக்குகள் மட்டும் தொங்கின, தாலிப் பொட்டு இல்லை. இன்னொருத்தி தனக்குத் தானே ஏதோ முணுமுணுத்தாள். இந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினால் ஒருத்தியையும் கழிக்க முடியவில்லை. பாஞ்சாலையே ஒரு நொடி துடுப்பை நிறுத்திவிட்டு எங்கேயோ பார்த்தாள். வாரம் ஒரு தடவை வந்து சிப்பம் இறக்கிப் போகிறவன், ஒரு முகத்தையாவது ஒழுங்காகப் பார்த்திருக்கிறானா என்று நினைத்தான். இல்லை.

ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்த சினேகாதான் என்று முடிவுக்கு வந்தான். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கண் வீங்கியிருந்தது. இருபத்து இரண்டு வயதுக்குமேல் இருக்காது. தண்ணீர் எடுக்கப் போனபோது பின்னாலேயே போனான்.

"நேத்து தூங்கினியாம்மா?"

அவள் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பினாள். "இன்னா?"

"இல்ல, எதனா மனசுல இருந்தா எங்கிட்ட சொல்லலாம். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

சினேகா நேராகப் பாஞ்சாலையிடம் போனாள். "அக்கா, இந்தாளு எங்கிட்ட வந்து ராத்திரி தூங்கினியானு கேக்கறான்."

கூடமே நின்றது. பாஞ்சாலை துடுப்போடு வந்தாள். சாம்பார் அதிலிருந்து சொட்டியது.

"உனக்கு எத்தினி வயசு?"

"அக்கா, நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல."

"வேற எப்டி? சொல்லு. அது இங்க வெங்காயம் அரிஞ்சிகினு கீது காலைலேருந்து. அத போயி தூங்கினியானு கேக்க உனக்கு இன்னா வந்துச்சு?"

எதைச் சொன்னாலும் தப்பாகத்தான் முடியும். பேசாமல் வெளியே போய்விடலாம். போனால் அந்த ஆள்? போனை எடுத்தான். கை ஈரத்தில் எழுத்து தப்புத் தப்பாக விழுந்தது. குழுவில் போட்டான்: "சொம்பு நான் அடி அண்ணாமலைல கூடத்துல இருக்கேன். நீ எங்க."

போன வருடம் எவளோ ஒருத்தியின் போன் ரசத்தில் விழுந்ததிலிருந்து பாஞ்சாலை ஒரு சட்டம் போட்டிருந்தாள். மத்தியானச் சமையல் தொடங்கியதும் சமையல் பெண்களின் போன் எல்லாம் காலி எண்ணெய்த் தகரத்துக்குள் போய்விட வேண்டும். இப்போது அந்தத் தகரம் நடுங்கியது. நின்றது. குழுவில் யார் யாரோ பதில் போட, திரும்பத் திரும்ப நடுங்கியது.

பூசணிக்காயை நறுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றது. சரசு எழுந்து புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு தகரத்துக்குப் போனாள். போனை எடுத்துப் படித்தாள். நெடுநேரம் படித்தாள், அவ்வளவு எழுத்து அதில் இல்லை.

"உடுக்கா. அவன் என்னப் பாக்கத்தான் வந்துகிறான்" என்றாள்.

"உன்னியா?" என்றாள் பாஞ்சாலை. அவளுக்கு இது இன்னும் குழப்பமாகிவிட்டது.

பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பின்னால் இரண்டு பேரும் நின்றார்கள். சரசு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதான் மூட்டையா? நான் மூட்டைய பொம்பளன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"சொம்பு அழுதுகினே இருக்குமே. நீ எப்பவும் சிரிச்சிகினு கீற."

"அப்பறம், இங்க உக்காந்து அழுதா சம்பளம் தருவாங்களா?" சொன்னவள் உடனே முகத்தை மாற்றினாள். "ஊர் பேரு கூடாதுன்னு இருக்குது இல்ல? எல்லார் முன்னாடியும் இப்டி வந்து நிக்கிற. நான் அங்க இன்னா இன்னா எழுதிகீறேன். அதெல்லாம் படிச்சிட்டு வந்து நீ இங்க அரிசி எறக்குவியா?"

"குடை என்னாச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

அவள் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பழைய படம் ஏன் போட்ட?"

"போடலன்னா பல்பு நூறு வாட்டி கேக்கும். போட்டுட்டா மத்தியானம் வரைக்கும் யாரும் தேடமாட்டாங்க." தொட்டித் தண்ணீரில் மிதந்த சோற்றைக் கையால் ஒதுக்கினாள். "வேலைக்கு வர்ற மாதிரியே இல்ல நான். ஏழே முக்காலுக்கு படத்தப் போட்டேன். உடனே அக்கா போன் பண்ணாங்க. ரெண்டு பேர் வரல, நீயும் வரலன்னா சோறு எறங்காதுன்னு. வந்துட்டேன்."

"சோத்துக்காக வந்தியா?"

"தெரில. அக்கா கூப்ட்டாங்க, வந்துட்டேன். வந்து பூசணிக்கா அரிஞ்சேன். உன்னயும் கிண்டல் பண்ணேன். எனக்கே இன்னான்னு புரியல."

"வேல முடிஞ்சதும்?"

"அதத்தான் அரிஞ்சிகினே யோசிச்சேன்."

"எதுக்குன்னு கேக்கலாமா?"

"கேக்காத. கேட்டா எதனா ஒண்ணு சொல்லுவேன். சொன்னப்பறம் அதில்லன்னு தோணும்."

அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது இவனும் கடன் என்றான். அந்த அளவுக்குக் கடன் எல்லோருக்கும் இருந்தது.

"வூட்ல வச்சிருக்கியா?" என்றான்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அத மொதல்ல எடுத்துடணும். எனக்கு அப்டித்தான் சொன்னாங்க. கிட்ட இருந்தா கை போவும், இல்லன்னா அந்த நேரம் தாண்டிப் போயிடும்னு. மத்தது எனக்குத் தெரியாது. இது ஒண்ணுதான் தெரியும்."

"நீ வந்து எடுப்பியா? ஆம்பள ஒருத்தன் என் வூட்டுக்குள்ள போனா அந்தத் தெரு சும்மா இருக்காது."

"அப்ப பாஞ்சாலக்காவ கூப்டு."

"அவங்களுக்குத் தெரிஞ்சா அடுப்புகிட்ட உடுவாங்களா என்ன? கத்தி குடுப்பாங்களா? வேலயும் போவும்."

போகும் என்றும் தோன்றியது, போகாது என்றும் தோன்றியது. தனக்கு லேசான சிப்பமாகத் தள்ளிவிடுகிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். "தெரில சரசு. போனாலும் போவும்" என்றான்.

அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்துச் சாலையில் சங்கு ஊதிக்கொண்டு ஒரு கூட்டம் கடந்தது. அது கடக்கும்வரை நின்றாள். பிறகு உள்ளே பார்த்து, "அக்கா, இங்க கொஞ்சம் வாங்க" என்றாள்.

பாஞ்சாலை வந்தாள். சரசு சொன்னாள். முன்னும் பின்னுமாகச் சொன்னாள். போனைக் காட்டினாள். பல்பு, குடை என்றதெல்லாம் பாஞ்சாலைக்கு ஏறவில்லை.

"இரு. யாரு சாவப் பாத்தது? இவனா, நீயா?"

"ரெண்டு பேரும்தான்க்கா" என்றான் கண்ணாயிரம்.

"ரெண்டு பேரும் சேந்தா?"

"இல்லக்கா. இன்னிக்கித்தான் ஆளயே தெரியும்."

பாஞ்சாலை சரசுவின் முகத்தைப் பார்த்தாள். ஐந்து வருடமாகத் தினமும் எதிரில் உட்கார்ந்து காய் நறுக்கிய முகம். துடுப்பைத் தொட்டி மேல் வைத்தாள்.

"நேத்து உன்னிய உப்பு ஜாஸ்தின்னு திட்டினேனே."

"அதுக்கில்லக்கா."

"அதுக்கில்லன்னா சரி." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "சினேகா, சாம்பார பாத்துக்க. அடி புடிக்கக் கூடாது." பிறகு சரசுவிடம், "நட. எங்க வச்சிருக்கன்னு காட்டு. எடுத்து நான் வச்சிக்கிறேன். ராத்திரிக்கு என் வூட்லயே படுத்துக்க. நாளைக்கு இவன் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனானோ அங்க போலாம்" என்றாள்.

"பந்தி போடற நேரம்க்கா."

"அரை மணி லேட்டா தின்னட்டும்."

சரசுவின் வீடு அரை கிலோமீட்டர் பின்னால் இருந்தது. ஜனம் வரும் திசைக்கு எதிராகத்தான் நடக்க வேண்டும். சாலை முழுக்கச் செருப்பில்லாத கால்கள் எதிரே வந்தன. இரண்டு பெண்களும் தோளை ஒதுக்கி ஒதுக்கி நடந்தார்கள். பத்தடி பின்னால் கண்ணாயிரம் போனான். கூடப் போகலாமா, போனால் தெருமுனை வரைக்குமா, அதற்குமேல் நிற்பதா என்று எதுவும் தெரியவில்லை. போன் சட்டைப் பையில் நடுங்கிக்கொண்டே இருந்தது. பல்பு கேட்கும். எடுத்து, "சொம்பு இருக்கு" என்று மட்டும் அடித்தான். சாயந்திரமும் அப்படியே எழுத முடியுமா என்று நினைத்தபடி அனுப்பினான்.

முன்னால் ஒரு பெரியவர் பாஞ்சாலையை மறித்தார். "எதிர்ல வர்றீங்களேம்மா. மலைய இப்டி சுத்தக் கூடாது."

"நாங்க சுத்தல சாமி, வூட்டுக்குப் போறோம். வழி உடு" என்ற பாஞ்சாலை, சரசுவின் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தாள்.