நூற்றாண்டு விழாவும் ஒரே ஒரு கோலும்

எங்கள் சாலதுபானி கால்பந்துக் கழகத்துக்கு இதுவரை மூன்று பெயர். சட்டை மட்டும் ஒன்றுதான். கூட்டுப்பண்ணை நடத்தியபோது ‘செங்கதிர்’. தேயிலை ஆலை எடுத்துக்கொண்டபோது ‘தேயிலை’. சோவியத் ஆட்சி போய் நாடு சுதந்திரம் அடைந்ததும் ‘பொன் கழுகு’. ஆரம்பித்தது 1947இல் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் போன வசந்தத்தில் பக்கத்து ஊர் ஹெவிகாரிக்காரர்கள் தங்கள் கழகத்துக்குத் தொண்ணூறாவது ஆண்டு கொண்டாடிவிட்டார்கள். அடுத்த வாரமே எங்கள் தலைவர் தெமூர், நமக்கு நூறு வயது என்று அறிவித்தார். துறைமுகத்தில் இறங்கிய ஆங்கிலேய மாலுமிகள் சிலர் வழிதவறி எங்கள் சோளக்காட்டுக்கு வந்து, வந்த களைப்புத் தீரப் பந்து விளையாடினார்களாம். துறைமுகம் மூன்று மலைக்கு அப்பால் இருக்கிறது. மாலுமிகள் அவ்வளவு தூரம் வழிதவறுவார்கள் என்று நம்ப எங்கள் ஊருக்கு ஒரு மாலைப்பொழுதும் இரண்டு ஜாடி ஒயினும் போதுமானதாக இருந்தது.

உண்மையில் எங்களிடம் இருக்கும் வரலாறு ஒரே ஒரு கோல். 1971 கோப்பைப் போட்டிக்குத் தலைநகரத்து அணி எங்கள் ஊருக்கு வந்தது. நல்ல மழை. பந்து கோல் வாசலுக்கு முன்னால் ஒரு குட்டையில் நின்றுவிட்டது. அவர்கள் கோல்கீப்பர் தலைநகரத்துக்காரர் அல்லவா, பந்து தன்னைத் தேடி வரும் என்று காத்திருந்தார். எங்கள் நுக்ஸார் காத்திருக்கவில்லை. அதே ஆட்டத்தில் நாங்கள் ஒன்பது கோல் வாங்கினோம் என்பதை எங்கள் ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் அன்றைய எங்கள் அணியின் மாற்று கோல்கீப்பர். வருஷக்கணக்காகப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்ததால், எல்லா ஆட்டங்களையும் ஒழுங்காகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அன்று பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு மாற்று ஆட்டக்காரர் தெமூரின் அப்பா ஸ்பிரிதோன். சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தவர், கூட்டம் எழுந்து கத்தியதும் என் தோளைத் தட்டி, “என்னடா ஆச்சு?” என்றார்.

அவர் காலமான பிறகு மகன் தலைவரானார். அந்த வருஷம், நுக்ஸாருக்குப் பந்தைத் தட்டிக்கொடுத்தவர் ஸ்பிரிதோன் என்று ஆனது. அடுத்த வருஷம் இருவரும் சேர்ந்து அடித்தார்கள். நூற்றாண்டு நெருங்கியபோது ஸ்பிரிதோன் நாற்பது மீட்டரிலிருந்து தன்னந்தனியாக அடித்திருந்தார்; மழைகூட நின்றுவிட்டது.

நகரசபையும் தீர்மானம் போட்டது: அந்தக் கோலை அடித்த அமரரின் பெயரை மைதானத்துக்குச் சூட்டுவது. அமரர் என்பது முக்கியம். முன்பு ஒருமுறை ஆலை இயக்குநர் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரைச் சூட்டி, பலகையில் பெயிண்ட் காய்வதற்குள் அவர் கைதாகிவிட்டார். அன்றிலிருந்து பலகை செத்தவர்களுக்கு மட்டும்தான். அவர்களைக் கைது செய்ய முடியாது.

நுக்ஸார் சில வருஷங்களாக ருஸ்தாவியில் மகள் வீட்டில் இருக்கிறான். அவனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“பலகை எவன் பேருல வேணா இருக்கட்டும் ஷோத்தா,” என்றான். “நான்தான் இன்னும் உசுரோட இருக்கேனே, எனக்கு எப்படி வைப்பானுங்க? ஆனா கோல் என்னுதுடா. அதை மைக்குல ஒருதடவை சொல்லிட்டாப் போதும். முட்டி போச்சு, பல்லு போச்சு. எங்கிட்ட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்.”

அழைப்பு வராமலே கோட்டுப் போட்டுக்கொண்டு வேனில் கிளம்பி வந்தான்.

விருந்து கலாசார மண்டபத்தில். தலைநகரத்திலிருந்து ஒரு துணை அமைச்சரும் வந்திருந்தார். எங்கள் மேசைக்குத் தமதா, அதாவது வாழ்த்துச் சொல்லி விருந்தை நடத்துகிறவர், மாட்டு டாக்டர் பர்னாவோஸ். தமதா எழுந்தால் அமைச்சரே ஆனாலும் வாயை மூட வேண்டும். அவர் பேச்சைக் கொடுத்தால்தான் அடுத்தவன் பேசலாம். நாட்டுக்குக் குடித்தோம், பெண்களுக்குக் குடித்தோம், அந்த மாலுமிகளுக்கும் குடித்தோம். பிறகு மறைந்த ஆட்டக்காரர்களுக்காக எல்லோரும் எழுந்து நின்றோம். தெமூர் காதில் ஓதிய பெயர்களைத் தமதா உரக்கச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து நுக்ஸார் உள்ளே நுழைந்தான். எல்லோரும் தலை குனிந்திருந்ததால் யாரும் அவனைக் கவனிக்கவில்லை. நான் ஒரு கோப்பையைக் கையில் கொடுத்தேன். செத்தவர்களுக்குச் செய்கிற முறைப்படி ரொட்டித் துண்டின் மேல் கொஞ்சம் ஊற்றிவிட்டு, மிச்சத்தைப் பயபக்தியோடு ஒரே மூச்சில் குடித்தான்.

“கடைசியா சொன்னாரே நுக்ஸார்னு, அது யாருடா பாவம்?” என்று கிசுகிசுத்தான்.

“நீதான்.”

“நானா? அடப்பாவி, குடிச்சுத் தொலைச்சுட்டேனே!”

மண்டபம் திரும்பிப் பார்த்தது. யாரோ ஒரு அம்மா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். நுக்ஸார் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான்.

“எனக்காகக் குடிச்சா நான் எழுந்து நன்றி சொல்றது முறை. நன்றி. ரொம்ப உருக்கமா இருந்துது.”

தெமூர் முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. துணை அமைச்சரைப் பார்த்துக்கொண்டே, “ஐயா, தயவுசெஞ்சு உக்காருங்க,” என்றார். “தமதா சொல்லியாச்சு, சபை குடிச்சாச்சு. குடிச்ச கோப்பையை மறுபடி ஜாடியில ஊத்த முடியுமா? இன்னிக்கு ஒரு நாள் நீங்க அமரராவே இருந்துடுங்க. அமரருங்க நடுவுல பேசக் கூடாது.”

“முறைதான்,” என்றார் தமதா. “தலைவரே, யோசிச்சுத்தான் சொல்றீங்களா? இவர் அமரர்?”

“அமரர்தான்! சபையே சாட்சி!”

“சரி. அப்ப பேச்சைப் பெஞ்சுக்குத் தரேன். ஷோத்தா, எழுந்திரு. இப்ப அந்தக் கோலுக்கு ரெண்டு அமரர். கோல் அடிச்ச அமரர் யாரு?”

என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் களத்தில் இறக்கப்பட்டேன். மழையைச் சொன்னேன், குட்டையைச் சொன்னேன், சூரியகாந்தி விதையையும் சொன்னேன். “என்னடா ஆச்சு?” என்று ஸ்பிரிதோன் குரலிலேயே சொன்னதும், அவரைத் தெரிந்த கிழவர்கள் எல்லாம் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

தமதா கொம்புக் கோப்பையை உயர்த்தினார். “அப்படின்னா நகரசபை தீர்மானப்படி அமரர் நுக்ஸார் மைதானம்!”

“அதெப்படி?” தெமூர் நாற்காலி சாய எழுந்தார். “இவர்தான் உயிரோட நிக்கறாரே!”

“தலைவரே,” என்றார் துணை அமைச்சர், வாயில் ஹச்சாபூரி ரொட்டியோடு. “இப்பதானே சபையே சாட்சின்னீங்க?”

சபை குடித்தது. குடித்த கோப்பையை மறுபடி ஜாடியில் ஊற்ற முடியாது.

பலகை ஏறிவிட்டது. தெமூர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: மைதானத்துக்குள் நுக்ஸார் அமரர் மாதிரியே நடந்துகொள்ள வேண்டும். கத்தக் கூடாது, நடுவரைத் திட்டக் கூடாது. சாலதுபானியில் அவனைப் போல நடுவரைத் திட்ட ஆள் கிடையாது. இருந்தும் கோலுக்காக ஒப்புக்கொண்டான்.

முதல் ஆட்டம் ஹெவிகாரியோடு. நுக்ஸார் என் பக்கத்தில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதல் கோலைத் தாங்கினான். இரண்டாவதையும் தாங்கினான். பிறகு எங்கள் பையன் அடித்த சுத்தமான கோலை நடுவர் ஆஃப்சைடு என்றார்.

“டேய் குருட்டுப் பயலே! விசிலை உங்கப்பன் சந்தையில வாங்கிக் குடுத்தானா? கண்ணையும் அங்கயே வாங்கியிருக்கலாமேடா!”

ஆட்டம் நின்றது. நடுவர் நேராக எங்களிடம் நடந்துவந்தார். தெமூர் தன் இருக்கையிலிருந்து எழுந்துவிட்டார்.

“பெரியவரே, மேலிடத்துக்கு எழுதப்போறேன். உங்க பேரு என்ன?”

நுக்ஸார் அண்ணாந்து பலகையைப் பார்த்தான்.

“ஸ்பிரிதோன்,” என்றான். “அதோ நிக்கறாரே தலைவர், அவரோட அப்பா.”