ஒரே பஸ்ஸில் ஏறமாட்டேன்

போன மாதம் எங்கள் கம்பெனி பஸ் மாதனூர் தாண்டிப் பள்ளத்தில் சாய்ந்தது. ஷூ கம்பெனியில் நான் தையல், என் வீட்டுக்காரர் அன்பரசன் கட்டிங். அன்றைக்கு இருவரும் பக்கத்துப் பக்கத்து சீட். யாருக்கும் பெரிய அடி இல்லை. ஆனால் கண்ணாடிச் சில்லைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இருவரும் போயிருந்தால், அம்மா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த எங்கள் கைக்குழந்தை ஹரிணிக்கு யார்?

வக்கீலிடம் கேட்டேன். "வீடு கொழந்தைக்குத்தான் வரும்மா. ஆனா அவ மேஜராகற வரைக்கும் யாரு வளக்கணும், வீட்ட யாரு பாத்துக்கணும்னு ரெண்டு பேரும் உயில் எழுதி வைங்க" என்றார். என் அண்ணன் நாகேந்திரன் பேரை எழுதலாம் என்றேன். அன்பரசன் தலையைச் சொறிந்தார். "எங்கண்ணன் மனசு நோவுமே" என்றார். அந்த அண்ணன் பெயர் சம்பந்தம்.

விரிஞ்சிபுரத்தில் காதுகுத்து வைத்தோம். ஹரிணி தாய்மாமன் மடியில் உட்கார்ந்து வீறிட்டாள். பந்தி முடிந்ததும் நானே உயில் பேச்சை எடுத்தேன்.

சம்பந்தம் மாமா வெடித்தார். "வாயக் கழுவு! நல்ல நாள்ல சாவுப் பேச்சா?" வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு அவரே தொடர்ந்தார். "அப்படியே எதுனா ஆனாலும் வீடு எங்க போவுது? என் பையன் இருக்கான் இல்ல?"

"வீட்டுக்கு உங்க பையன். கொழந்தைக்கு யாரு மாமா?"

"பொட்டப்புள்ளதான? அதுக்குத் தாய்மாமன் மடி இருக்குது."

நான் பேசினால் அபசகுனம். இவர் மட்டும் எங்கள் கருமாதிக்கு முன்பே பாகம் பிரிக்கலாமா? என் நகையை விற்று எழுப்பிய வீடு இவர் மகனுக்காம். நான் பெற்றவள் எங்கேயோ போய் ஒண்டிக்கொள்ள வேண்டுமாம். என்ன நியாயம் இது!

என் அண்ணன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டார். "என் மடியில உக்காந்தவள நான் வுடமாட்டேன். அவ வீட்டுல ஒரு செங்கல்லும் எனக்கு வேணாம்" என்றார். அன்பரசன்? எச்சில் இலை எடுக்கப் போய்விட்டார். வீட்டுக்கு வந்த பிறகு சொன்னார். "அடுத்த மாசம் பாக்கலாம், அம்பிகா."

திங்கட்கிழமை கம்பெனி பஸ் வந்தது. அவர் ஏறினார். நான் ஏறவில்லை.

"இன்னா நின்னுட்ட? வா!"

"நான் டவுன் பஸ்ல வர்றேன். நீங்க கையெழுத்துப் போடற வரைக்கும் நாம ஒரே பஸ்ல ஏறக்கூடாது."

ஜன்னலெல்லாம் தலைகள் முளைத்தன. டிரைவர் ஹாரன் அடித்தார்.

"மானத்த வாங்காத. ஏறு!"

"இது மறுபடியும் கவுந்தா அவளுக்கு ஒருத்தராவது மிச்சம் இருக்கணும் இல்ல? வீட்டப் பாத்துக்க உங்கண்ணன் ரெடி. உங்க பொண்ணப் பாத்துக்க?"

சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு அன்பரசன் படியிறங்கினார். பஸ் போய்விட்டது. சாலையைப் பார்த்தபடியே கேட்டார்:

"வக்கீல் இந்நேரம் வந்திருப்பாரா?"