இருமுறை சேர்ந்த மோதல்

தேவசேனாவுக்கு முனைவர் பட்டத்தின் வாய்மொழித் தேர்வு பதினொரு மணிக்கு, கணினித் திரையில். பண்ணைக்காட்டு வீட்டில் இணையம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதனால் கணவன் ஜெயமுருகன் கொடைக்கானலில் கூட்டாளியின் விடுதியில் ஓர் அறை சொல்லி வைத்து, விடிந்ததும் ஜீப்பை எடுத்துவிட்டான். பெருமாள்மலை ஏற்றத்தில், சும்மா இருக்கமாட்டாமல் ஆய்வேட்டைப் புரட்டியவள் எண்பத்து மூன்றாம் பக்கத்தில் நின்றாள்.

அவள் ஆராய்வது மெசான் என்னும் துகளின் சிதைவை. வலுக்குறைந்த விசையால் அது இரண்டாக உடையும். பிறந்த இரண்டும் தம்பாட்டுக்குப் போய்விட்டால் கணக்கு எளிது. போகாதே! கிளம்பும் கணத்தில் வலுவான விசை அவற்றைப் பிடித்துக்கொள்ளும். முட்டி மோதி, சில சமயம் வேறு ஜோடியாகவே மாறி வெளியே வரும். வத்தலக்குண்டு பேருந்து நிலையக் கூட்டம் மாதிரிதான். வாசலில் நின்று எண்ணுகிறவனுக்கு யார் எந்த வண்டியில் வந்து இறங்கினார்கள் என்று தெரியாது. துகளும் எதிர்த்துகளும் சிதைவதில் எவ்வளவு வித்தியாசம் தெரியும் என்பது இந்த மோதலைப் பொறுத்தது. அதைக் கணக்கிட்டு, சோதனையோடு அச்சாகப் பொருந்தும் ஓர் எண்ணை அவள் கண்டிருந்தாள். ஜெர்மனியில் வேலை தருவதாகச் சொன்னவர்களும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

இப்போது பிழை தெரிந்தது. கணக்கின் தொடக்கத்தில் போட்ட எண் ஒன்று சோதனைச்சாலையில் அளந்தது. அளந்த எண்ணில் மோதல் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. கணக்குப் போடும் கணினி நிரல் அதை மறுபடியும் சேர்த்திருந்தது. அந்த நிரல் அவளுடைய ஆய்வு வழிகாட்டி திருமலைச்சாமி எழுதியது. பன்னிரண்டு வருடமாக அவருடைய மாணவர்கள் அத்தனை பேரும் பிரசாதம்போல் அதைக் கைநீட்டி வாங்கினார்களே தவிர, ஒருவராவது உள்ளே திறந்து பார்த்தாரா? இவளும்தான் பார்க்கவில்லை.

"என்னங்க, வண்டிய ஓரமா நிப்பாட்டுங்க."

"வாந்தி வருதா?"

"வந்தாத் தேவலையே!"

திருமலைச்சாமியைக் கைபேசியில் அழைத்துச் சொன்னாள்.

"பரீட்சையாளருங்க அறிக்கையில இதப்பத்தி ஒண்ணும் எழுதலையேம்மா," என்றார் அவர். "நீ மொதல்ல போய்ச் சேரு." வைத்துவிட்டார்.

வாயை மூடு என்கிறாரா?

"தப்புன்னு சொன்னா பட்டம் போயிருமா?" என்றான் ஜெயமுருகன்.

"போகலாம்."

"சொல்லாட்டி?"

"கெடைக்கும்."

அவன் வண்டியைக் கிளப்பினான்.

பதினொரு மணிக்குத் திரையில் பரீட்சையாளர்களின் முகங்களோடு திருமலைச்சாமியின் முகமும் வந்தது. எழுதிவைத்த வணக்கத்தைக்கூட அவள் முடிக்கவில்லை. "என் முடிவு தப்புங்க. மோதலை ரெண்டு தடவை சேர்த்திருக்கேன். ஒரு தடவை மட்டும் சேர்த்தா சோதனையோட பொருந்துமான்னு எனக்குத் தெரியாது."

சென்னைப் பரீட்சையாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நிரலை எழுதியது நீங்களா?"

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் சாருடைய வாழ்நாள் உழைப்பிலேயே கை வைப்பது.

"நான் எழுதினதுங்க," என்றார் திருமலைச்சாமி. "இந்தப் பொண்ணு சொன்னப்புறம் ஒக்காந்து சரிபார்த்தேன். அவ சொல்றதுதான் சரி. இத வச்சு நான் போட்ட ஏழு கட்டுரையும் தப்பு."

அத்தியாயத்தைத் திருத்தி, ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். அதுவரை ஜெர்மனி காத்திருக்காது என்று தேவசேனாவுக்குத் தெரியும்.

வெளியே ஜீப்பில் சாய்ந்து நின்ற ஜெயமுருகன் அவள் முகத்தைப் பார்த்துப் பதறினான். "ஆறு மாசந்தானே, போகட்டும் விடு. அழுவாத."

"எனக்கு ஆறு மாசந்தாங்க," என்றாள். "அவருக்குப் பன்னெண்டு வருசம்."