பாறை குடித்த உப்பு

குளிர்காலக் கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் ஊறவைத்த உப்புத்தண்ணீரை என் கணவர் பில்கு கொல்லைப் பாறையின் வெடிப்பில் வாளி வாளியாக ஊற்றினார். ஒரு சொட்டுகூட வழியவில்லை.

"அது எங்கங்க போகுது?" என்றேன்.

"பாறை குடிச்சிடும். நீ உன் வேலையப் பாரு."

மறுநாள் மழை கொட்டித் தீர்த்தது. அடிமட்டத்துக்குப் போயிருந்த எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் சரசரவென ஏறியது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"நான் தோண்டின இடம் அப்படி. பெய்யிற மழை அந்த வெடிப்பு வழியா நேரா நம்ம கிணத்துக்கு இறங்குது, பாத்தியா?"

மதியம் முள்ளங்கி சூப்பை ஒரு வாய் குடித்ததும் முகம் சுளித்தார்.

"உப்ப அள்ளிக் கொட்டினியா?"

கிணற்றுத் தண்ணீர் வரும் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து அவர் முன்னால் வைத்தேன்.

"குடிச்சுப் பாருங்க. நேரா இறங்கினதுதான்."