ஐந்துக்குப் பின்

மனைவி செண்பகவல்லி இறந்தபின் நெல்லையப்பனுக்குத் தமிழ் கசந்துபோயிற்று. தென்காசியில் யார் வாயைத் திறந்தாலும் அவள் பேச்சில்தான் போய் முடிந்தது. மதுரையில் பழைய புத்தகக் கடை ஒன்றில் ஜப்பானியப் பாடநூல் கண்ணில் பட்டது. வாங்கி வந்தான். அந்த மொழியில் அவனுக்குத் தெரிந்தவர் யாரும் சாகவில்லை. அது போதும். தினமும் ஒரு மணி நேரம் சத்தமாகப் படிப்பான். அப்போதுதான் மூச்சு விட முடிந்தது.

1961, ஆடி மாதம். அவளுடைய தலைத்திவசத்துக்கு மாமனார் அய்யாக்குட்டி கீழப்பாவூரிலிருந்து வந்திருந்தார். மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். அதற்குமேல் அவர் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. குற்றாலத்துக்குக் குளிக்கப் போக, துண்டோடு வாசலில் நின்றிருந்தார். நெல்லையப்பன் உள்ளே எண்களைச் சொல்லிப் பார்த்தான்.

"இச்சி, நி, சான், ஷி..."

"கோ!"

ஐந்து. குரல் வாசலிலிருந்து வந்தது.

எட்டிப் பார்த்தான். அய்யாக்குட்டி சாரலில் விறைத்து நின்றார். கைகள் தொடையோடு ஒட்டியிருந்தன. துண்டு சகதியில் கிடந்தது.

கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தான். யுத்தத்தின்போது சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் தோட்டத்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனதை அவர் துண்டு துண்டாகச் சொன்னார். தினமும் காலையில் வரிசையில் நின்று எண் சொல்ல வேண்டும். அவர் ஐந்து. பக்கத்தில் தம்பி மாடன், ஆறு.

"ஒருநாள் ஆறு வரலை மாப்ளே. கொட்டகையிலயே போயிட்டான். அவனுக்கும் சேத்து நானே சொன்னேன். அதுக்குத்தான் அடிச்சானுவ."

நெல்லையப்பன் புத்தகத்தை மூடினான். அடுப்பில் போட்டுவிடுவதாகச் சொன்னான். இனி ஒதுங்க வேறு இடமில்லை என்பது தெரிந்தே சொன்னான்.

"எதுக்கு? எண்ணாதீரும், அம்புட்டுத்தான். அந்த ஜப்பான்காரன் வீட்ல பொண்டு பிள்ளைய கிட்ட எப்படிப் பேசுதான்? அதைப் படியும். எனக்கு அவன் கத்துனதுதான் தெரியும்."

குடும்பம் என்றொரு பாடம் இருந்தது. நெல்லையப்பன் எப்போதும் தாண்டிவிடும் பாடம். எடுத்தான். அப்பா, அம்மா. தம்பி என்ற சொல்லை அய்யாக்குட்டி இரண்டு முறை சொல்லச் சொன்னார். அடுத்த சொல்லில் அவன் நின்றான்.

"என்ன அது?"

"ட்சுமா."

"அப்படின்னா?"



"செண்பகவல்லி," என்றான்.

ஒரு வருஷத்தில் அவன் அந்தப் பெயரைச் சொன்னது அப்போதுதான். பெற்றவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "மேல படியும்" என்றார்.