தேய்க்கத் தேய்க்கப் போகாத மணல்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே, ஒரு மனிதருடைய விரல் நுனியில் நடந்த கதை இது, சத்தமே இல்லாத கதை, தள்ளி உட்கார்ந்தால் நழுவிவிடும், கையில் இருக்கிற வேலையைக் கீழே வைக்க வேண்டாம், காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுங்கள், சொல்கிறேன்.

…இங்கேயும் இருக்கிறது, இதோ, கார் பானட்டின் நடுவில், முன்கண்ணாடிக்குக் கீழே, உப்புத் தூளைத் தூவினாற்போல, இத்தனை நேரம் தேய்த்தும் போகவில்லையே, மாப்பிள்ளை இந்தக் காரை எங்கேதான் நிறுத்துகிறாரோ, கேட்டால் ஆபீஸ் பக்கத்தில் கிரில் பட்டறை மாமா, அங்கேதான் இடம் கிடைக்குது என்பார், அங்கே இரும்பை அறுக்க அறுக்கப் பறக்கிற தூளெல்லாம் பெயிண்டில் வந்து உட்கார்ந்து, பனியில் நனைந்து, வெயிலில் காய்ந்து, அப்படியே பதிந்துவிடும், கழுவினால் போகாது, கண்ணுக்கும் தெரியாது, தடவினால்தான் தெரியும், அதற்காகத்தானே இந்தக் களிமண் கட்டி, பார்க்கப் பிள்ளைகள் உருட்டி விளையாடுகிற களிமண் போல இருக்கும், சோப்புத் தண்ணீரைத் தெளித்து அதன்மேல் இதை வழுக்கவிட வேண்டும், அழுத்தக் கூடாது, அழுத்தினால் கோடு விழும், தூளை அதுவே கவ்விக்கொண்டு வரும், அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துப் பிசைந்து சுத்தமான பக்கத்தை வெளியே எடுக்க வேண்டும், அவ்வளவுதான் தொழில், மீதியெல்லாம் விரல். அவருடைய விரல். அவருடைய கார் பாலிஷ் கடைக்கு வருகிறவர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள், வேறு எவனிடமாவது தேய்த்துவிட்டுக் கடைசியாக இவரிடம் கொண்டுவந்து, அண்ணே, ஒரு தடவை தடவிப் பார்த்துச் சொல்லுங்க என்று நிற்கிறவர்கள்கூட உண்டு, அவர் சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை, அதற்குமேல் பேச்சே கிடையாது.

ஆனால் இன்றைக்குக் கடை லீவு, இது வீட்டு போர்டிகோ, யாரும் இவரைத் தேய்க்கச் சொல்லவில்லை. மகள் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்புகிறாள், பிரசவத்துக்கு வந்தவள், குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்ததும் மாப்பிள்ளை அழைத்துப்போக வந்திருக்கிறார், நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அவள் இவரோடு பேசவில்லை, ஒரு வார்த்தை இல்லை, காலையில் எதிரே வந்தவள் சுவரைப் பார்த்தபடி போனாள், இப்படியே போய்விட்டால்… அவள் அம்மாவைப் போல இல்லை, அம்மா கத்தித் தீர்த்துவிடுவாள், இவள் மடித்து உள்ளே வைத்துக்கொள்கிறவள், வருஷக்கணக்கில் வைத்துக்கொள்வாள், அந்த விஷயத்தில் அப்படியே அப்பா. நேற்று என்ன அப்படிப் பெரிதாகச் சொல்லிவிட்டார், பேத்தியைக் கட்டிலில் போட்டிருந்தார்கள், குனிந்து ஒற்றை விரலால் கன்னத்தைத் தடவினார், மணல். சொரசொரவென்று மணல். விரல் சொன்னது, வாய் சொல்லிவிட்டது, என்னம்மா குளிப்பாட்டினே, கன்னமெல்லாம் மணலா இருக்கு, ஒரு துணியை நனைச்சுத் தொடைக்கக்கூடவா தெரியாது? இப்பதானப்பா குளிப்பாட்டினேன் என்றாள் அவள், தலைமுடிகூடக் காயவில்லை குழந்தைக்கு. எங்கிட்டயே சொல்றியா, என் விரலுக்குத் தெரியாதா? மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், அதுதான் தப்பாகப் போயிற்று, அவர் இல்லாதபோது சொல்லியிருக்கலாம், அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள், அறையவில்லை, மெதுவாகச் சாத்தினாள், அறைந்திருந்தால் தேவலை. அப்புறம் மனைவி வந்து நின்றாள், உங்க வாய்க்கு ஒரு பூட்டு கெடையாதா, அதுவே தூக்கமில்லாம தள்ளாடுது, புள்ளைய நல்லா பாத்துக்கறேனா இல்லையான்னு நாளெல்லாம் பயந்து சாவுது, அதுல போயி தீய வெச்சீங்களே. இருந்ததத்தான சொன்னேன் என்றார் இவர். இருந்தது. இருந்ததா இல்லையா, விரல் பொய் சொல்லுமா?

சரி, அதற்காக மன்னிச்சுக்கம்மா என்று மகளிடம் போய் நிற்க முடியுமா, எப்படி நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது, அதனால்தான் விடிந்ததும் வாளியோடு இறங்கிவிட்டார், போகிற வழியெல்லாம் அவள் சாய்ந்து உட்காரப்போகிற கார், கண்ணாடி போல ஆக்கி அனுப்பினால் அவளுக்குப் புரியாதா, புரியும், சின்ன வயதில் திட்டிய மறுநாள் அவள் சைக்கிளைத் துடைத்து வைத்தால் புரிந்துகொள்வாளே… ஆனால் இந்த பானட் ஏன் இப்படி அடம்பிடிக்கிறது. களிமண்ணை மடித்துப் பார்க்கிறார், அதில் ஒன்றுமே இல்லை, கவரைப் பிரித்தபோது இருந்த மாதிரியே வெளுப்பாக இருக்கிறது, தூளைக் கவ்வியிருந்தால் கறுத்திருக்க வேண்டாமா, மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டானோ, மெல்லிய பிளாஸ்டிக் கவரை விரலில் மாட்டிக்கொண்டு தடவுகிறார், அது தொழிலில் ஒரு வழி, கவரோடு தடவினால் இல்லாத மாதிரி இருக்கிற சொரசொரப்பும் ரெண்டு மடங்காகத் தெரியும், அப்படித் தெரியவில்லை, குறையவும் இல்லை, கூடவும் இல்லை, வெறுங்கையில் எவ்வளவோ கவரிலும் அவ்வளவே, இது என்ன கூத்து, இப்படி ஒருநாளும் ஆனதில்லையே.

மாப்பிள்ளை டீயோடு வந்தார். “மாமா, போதும் மாமா, கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படிப் பளபளன்னு இல்ல.”

“யாரு, காரா, நீங்களா?”

“ரெண்டு பேரும்தான்” என்று சிரித்து, பானட்டில் உள்ளங்கையை ஓட்டினார். “அடேயப்பா, கை நிக்க மாட்டேங்குது மாமா. இன்னும் தேய்ச்சீங்கன்னா பெயிண்ட் வந்துடப்போகுது.”

நல்ல பிள்ளை, மரியாதைக்குச் சொல்கிறார், மாமனார் கஷ்டப்பட்டுத் தேய்க்கும்போது சொரசொரப்பாக இருக்கிறது என்றா சொல்வார், இவர் சமைத்துப் போட்டாலும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார், அவர் வார்த்தையை எடுத்துக்கொள்ள முடியாது, மறுபடி தண்ணீரைத் தெளி, மறுபடி வழுக்கவிடு, தெளித்து, வழுக்கவிட்டு, பிறகு பார்த்தால் கையில் களிமண் இல்லை. எப்போது விழுந்தது? கீழே கிடக்கிறது, சிமெண்டுத் தரையில், மண்ணை அப்பிக்கொண்டு, வெறும் விரலால் இவ்வளவு நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாரா, கையில் இருந்தது கையை விட்டுப் போனதுகூடத் தெரியாமலா… கீழே விழுந்ததை மறுபடி எடுக்கக் கூடாது, எடுத்தால் அந்த மண்ணே பெயிண்டைக் கீறிவிடும், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு துண்டு அறுத்தார், அறுத்ததை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“இங்க வா” என்று மனைவியைக் கூப்பிட்டார். முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். அவளிடம் மரியாதைப் பேச்செல்லாம் கிடையாது, ஆசையாய் அவர் வாங்கிவந்த சட்டையைப் பார்த்து ஜன்னலுக்குப் போட வாங்கினீங்களா என்று கேட்டவள்.

“இதத் தொட்டுப் பாரு. என்ன தெரியுது?”

“ஒண்ணும் தெரியல.”

“நல்லா அழுத்திப் பாரு.”

“வழுக்குது, வேற என்ன சொல்லணும், பாட்டாப் பாடணுமா?” என்றவள் அவர் முகத்தைப் பார்த்தாள். “கட்டிக்கிட்டு வந்ததுலேர்ந்து இன்னிக்குத்தான் என்னைக் கேட்டிருக்கீங்க. ஒடம்புக்கு ஏதும் முடியலையா?”

“போ, போ, அடுப்புல வெச்சதப் பாரு.”

அவள் போய்விட்டாள். அவர் டீ டம்ளரைத் தடவினார், எவர்சில்வர் டம்ளர், மணல். ஜன்னல் கண்ணாடியைத் தடவினார், மணல். திரும்பி நின்று, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் கண்ணை மூடி இமையைத் தடவினார், தன்னுடைய சொந்த இமை, அங்கேயும் மணல், அதே மணல், உப்புத் தூளைப் போல… காரில் இல்லை. எதிலும் இல்லை. அப்படியென்றால் போன மாதம் ஒருவர் கொண்டுவந்த கறுப்புக் கார், இன்னும் முடியலையா அண்ணே என்று அவர் கேட்கக் கேட்க இவர் தேய்த்துக்கொண்டே இருந்தாரே, அதில் எதைத் தேய்த்தார், எப்போதிலிருந்து, கடை என்ன ஆகும், தடவிப் பார்த்துச் சொல்லுங்க என்று வந்து நிற்கிறவர்களிடம் என்ன சொல்வது, இருக்கட்டும், அது நாளைக்கு, அது இல்லை இப்போது, இப்போது… குழந்தையின் கன்னம். தலைமுடிகூடக் காயாத குழந்தை. இப்பதானப்பா குளிப்பாட்டினேன். அவள் சொன்னது அத்தனையும் நிஜம், எங்கிட்டயே சொல்றியா என்று கேட்டாரே, மடையன் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

சாப்பாடு முடிந்து பைகளெல்லாம் டிக்கியில் ஏறிவிட்டன, மாப்பிள்ளை உள்ளே மாமியாரிடம் விடைபெற்றுக்கொண்டிருக்கிறார், மகள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போர்டிகோவுக்கு வந்தாள், கேட்டைப் பார்த்தபடியே, “கெளம்பறோம்ப்பா” என்றாள்.

“இங்க ஒரு தடவ தொட்டுப் பாரும்மா.”

“எனக்கென்னப்பா தெரியும். உங்க விரலுக்குத்தான தெரியும்.”

வேண்டும், இவருக்கு நன்றாக வேண்டும், சொல்லட்டும். “எனக்கு மணலா இருக்கு” என்றார்.

அவள் ஒரு கையால் பானட்டைத் தொட்டாள், மறுபடியும் தொட்டாள். “மணலா? வழவழன்னு இருக்கேப்பா.”

“உங்கம்மாவும் அதான் சொன்னா. எனக்கு எல்லாமே மணலா இருக்கு. டம்ளரு, ஜன்னலு… நேத்து புள்ளையும். புள்ளைகிட்ட ஒண்ணுமில்லம்மா. நீ சுத்தமாத்தான் வெச்சிருந்தே.”

அவள் இப்போதுதான் அவரைப் பார்த்தாள். கிட்டே வந்து அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்து நுனியில் நகத்தால் அழுத்தினாள். “தெரியுதா?”

“லேசா.”

“இது?”

“ம்… இல்ல.”

“எத்தன நாளா?”

“தெரியலம்மா. இன்னிக்குத்தான் புரிஞ்சுது.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“உங்கிட்டதான் மொதல்ல.”

அவள் விரலை விடவில்லை, நாளைக்கே டாக்டர்கிட்ட போறீங்க, போகலன்னா நான் திரும்பி வந்துடுவேன் என்றாள், குரல் ஒரு மாதிரியாக இருந்தது, அது கோபமா, கோபம் போனதா, அதையும் அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, அதைத் தடவிப் பார்க்க முடியாது அல்லவா, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், எத்தனை விஷயத்தை அவர் கேட்காமலேயே விட்டிருக்கிறார்… “கன்னம் எப்படிம்மா இருக்கு?” என்றார்.

“சொன்னா நம்புவீங்களா?”

“சொல்லு.”

அவள் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சம் யோசித்தாள். “தோல் உரிச்ச முட்ட மாதிரிப்பா. உரிச்ச உடனே இருக்குமே, சூடு ஆறாம, அப்படி.”

“நம்புறேன்” என்றார். அவள் அவர் விரலைக் கொண்டுபோய்க் குழந்தையின் கன்னத்தில் வைத்தாள், சூடு தெரிந்தது, வாய் நம்புகிறேன் என்று சொல்லிவிட்டது, விரல் மட்டும் மணல், மணல் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது, இத்தனை காலமும் அது சொன்னதைத் தவிர வேறு யார் சொன்னதையும் கேட்டிராத மனிதர், தோல் உரித்த முட்டை, தோல் உரித்த முட்டை என்று உள்ளுக்குள் சொல்லிப் பார்க்கிறார், ஒரு கணம் அப்படித்தான் இருக்கிறதோ, இல்லை, மறுபடி மணல், மறுபடி சொல்லிப் பார்க்கிறார், உள்ளே மாப்பிள்ளை செருப்பைத் தேடுகிற சத்தம், விரலை எடுக்க வேண்டும், இன்னும் எடுக்கவில்லை…

உங்கள் வீட்டுக் கன்னங்களெல்லாம் வழவழவென்று இருக்கட்டும் கண்ணுகளா, உங்கள் கைகளுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்கும்போது உள்ளதைச் சொல்ல ஒருவர் எப்போதும் உங்கள் வீட்டில் இருக்கட்டும், நிறைவாய் இருங்கள்.